பந்தல்குடி நல்லமுத்துவின் ஓம வாலை

செம்போடு களிம்பு உடன்பிறந்தது என்பது சைவ ஆன்றோர் எடுத்தாளும் உவமை. பந்தல்குடி நல்லமுத்துவோடு உடன்பிறந்தது வேறொன்று: ஒழுகல் என்றாலே முகம் சுளிக்கும் குணம். தூத்துக்குடிச் சாலையோரம் லாரி ரேடியேட்டர்களைப் பற்றவைத்தே வயிறு வளர்த்தவர். அவர் கைபட்ட ரேடியேட்டர் ஒரு சொட்டுச் சிந்தியது என்று எவரேனும் சொல்லிவிட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. விருந்துக்குப் போன வீட்டிலும் முதலில் குழாயடியைத்தான் நோக்குவார். அங்கே சொட்டுக் கேட்டால் அதை அடைத்துவிட்டே இலையில் அமர்வார்.

இப்போது வரும் லாரிகளில் செம்பு ரேடியேட்டர் இல்லை. ஆகவே ஆவியைக் குளிர்வித்து நீராய் வடிக்கும் வாலையைச் செம்பில் செய்வது என்று நல்லமுத்து முடிவு செய்தார். பானை, அதன்மேல் கவிழும் தலை, தலையிலிருந்து வளைந்து தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கும் குழாய், இவ்வளவே வாலை. முதல் வாலையைக் கேட்டு வந்தவர் திருச்சுழி பியூலா. ஓமத் தீநீர் வடித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். அவர் ஒப்பிப் பெற்றுக்கொண்டால் நரிக்குடி வரை உள்ளவர்கள் கேட்டு வருவார்கள். அவர் மறுத்தாலோ, புதுத்தொழில் தொடங்கிவிட்டதாகச் சாலை முழுவதும் அறிவித்திருந்த நல்லமுத்து முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

வந்த அன்றே பியூலா சட்டம் போட்டார். "அண்ணே, மூட்டு பத்தவைக்க ஈயப்பத்து ஒரு இடத்துலயும் ஆகாது. பச்சப்புள்ளைக குடிக்கிறது. வெள்ளிப்பத்துதான் போடணும்."

"சரி ஆத்தா. குளிர வைக்கிறதுக்குப் பழைய ரேடியேட்டர் ஒண்ணு நல்லதாக் கெடக்கு. கழுவி மாட்டிருவோமா?"

"லாரி குடிச்ச மிச்சத்தப் புள்ளைக குடிக்கணுமாக்கும்? அதுல பூராம் ஈயந்தேன். புதுக் குழா போடுங்கண்ணே."

நல்லமுத்துவுக்குச் சற்று வருத்தமே. எனினும் புதுச் செம்புக்குழாயை வளைத்தார். வெள்ளிப்பற்று மெழுகுபோல் ஓடி மூட்டுகளில் படிந்தது. பானையைப் புளியிட்டுத் துலக்கியபோது அது கோயில் கலசமெனச் சுடர்ந்தது. அத்துடன் நிறுத்தியிருந்தால் கதை இல்லை. தலையும் பானையும் கூடும் விளிம்பில் சுற்றிலும் துளையிட்டு, நடுவில் ரப்பர் வளையம் வைத்து, மரையாணிகளை முடுக்கினார். அனுமனே வந்தாலும் அசைக்க இயலாதபடி முடுக்கினார்.

வண்டி நிறுத்திவிட்டு வந்த லாரி ஓட்டுநர் மொக்கையன் பானையைச் சுற்றிப் பார்த்தார். "ஏலே மாப்ள, மொதச் சொட்டு எனக்குத்தானே?"

"இது ஓமத்தண்ணிடா. ஒன் வயித்துக்கு வேணும்னா ஒரு சங்கு தாரேன்."

சோதனை பார்க்கும் நாளில் பியூலா ஓமமும் ஒரு பொட்டலம் கோதுமை மாவும் கொண்டு வந்தார். மரையாணிகளைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"என்னண்ணே இது, ராக்கெட்டா?"

"சொட்டு ஆவி வெளிய போகாது தங்கச்சி. நான் பொறுப்பு."

"அதேன் பயம்மா இருக்கு. மொதல்ல, சூட்டுல ரப்பர் வாடை தண்ணில ஏறும். ரெண்டாவது, குழா அடைச்சுக்கிட்டா ஆவி எங்கிட்டுப் போகும்? மாவப் பெசஞ்சு பானை வாயில பூசினாப் போதும். அடைப்பு வந்தா மாவு விட்டுக்கொடுக்கும்."

"விட்டுக்கொடுக்குமா! அப்போ ஒழுகுங்கிறீகளா? என் கடையிலயா?"

"போல்ட்டோட நான் எடுத்துட்டுப் போகமாட்டேண்ணே."

திருச்சுழியில் எழுந்தருளிய பெருமான், ஊழிவெள்ளம் பொங்கி வந்தபோது அதை அடைத்து நிறுத்தவில்லை. சூலத்தால் நிலத்தில் ஒரு துளையிட்டுச் சுழித்து இறங்கச் செய்தார் என்பது தலபுராணம். அக்கதையை நல்லமுத்து எத்தனையோ முறை கேட்டு ஒவ்வொரு முறையும் கண் கலங்கியவர். கடலுக்கே வழிவிட்ட கடவுளைக் கும்பிடுபவர், ஒரு பானை ஆவிக்கு வழிவிட மறுத்து நின்றார்.

மனைவி ராமலட்சுமிதான் வாய் திறந்தார். "ரேடியேட்டர் மூடிக்குள்ள ஸ்பிரிங் எதுக்கு இருக்காம்? ஆவி முட்டினாத் தெறக்கத்தானே? அத அடைச்ச டிரைவர இவுக வையாத வசவா? இப்ப இவுகளே அடைச்சு வச்சிருக்காக."

நல்லமுத்து பட்டறை மேசைக்குப் போனார். ஸ்பேனரை எடுத்தார். வேம்பு தின்ற முகத்தோடு மரையாணிகளைக் கழற்றினார். ராமலட்சுமி மாவைப் பிசைந்து விளிம்பில் பூச, அவர் கைகட்டித் தள்ளி நின்றார், பெண் வீட்டார் மேல் குறைப்பட்ட மாப்பிள்ளையின் மாமனைப் போல.

முதலில் வெறும் நீரைக் காய்ச்சி வடித்துக் கொட்டினார்கள். பிறகு ஓமமும் நீரும் பெய்து அடுப்பு மூட்டினார்கள். சற்று நேரத்தில் குழாய் நுனியில் சொட்டு விழுந்தது. மணம் சாலையைக் கடந்து தேநீர்க் கடைவரை சென்றது. பியூலா குனிந்து முகர்ந்தார். திடீரெனச் சொட்டு நின்றது.

"பாத்தீகளா, மாவு பூசினதுல ஆவி கசியுது. போல்ட்டு போட்டிருந்தா..." என்று நல்லமுத்து தொடங்கினார்.

பானை உள்ளுக்குள் உறுமியது. விளிம்பில் மாவு ஓரிடத்தில் உப்பிற்று. மறுகணம் 'புஸ்' என்று ஆவி பீறிட, மாவுருண்டை ஒன்று பறந்து வந்து நல்லமுத்துவின் சட்டைப்பையில் ஒட்டிக்கொண்டது.

"ஏலே! நல்லமுத்து பானை ஒழுகிருச்சுலே!" மொக்கையன் கூவிய கூவலில் தேநீர்க் கடையே எழுந்து நின்றது.

நல்லமுத்து அதைக் காதில் வாங்கவில்லை. அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, தலையை எடுத்துப் பார்த்தார். குழாயின் கழுத்தில் ஓமம் பொங்கி ஏறி, ஆப்பு வைத்தாற்போல் இறுகிக் கிடந்தது. பட்டறை மேசையில் கிடந்த மரையாணிகளைப் பார்த்தார். பியூலா குனிந்து முகர்ந்து நின்ற இடத்தைப் பார்த்தார். முடுக்கியே வைத்திருந்தால் பறந்திருப்பது மாவு அல்ல, பானை.

பியூலாவோ, மாவு விட்டுக்கொடுத்ததைக் கண்டு மகிழ்ந்திருந்தார். "நல்லாத்தேன் இருக்குண்ணே. இப்பவே பஸ்ஸுல ஏத்தி விடுங்க."

"தரமாட்டேன்."

"என்னது?"

"கழுத்து சின்னது. அத அகலப்படுத்தணும். ஓமம் மேல ஏறாம உள்ள ஒரு சல்லடைத் தகடு வைக்கணும். அதுவரைக்கும் பானை எங்கயும் போகாது."

"எடுத்துட்டுப் போக மாட்டேன்னப்போ குடுத்தீக, கேக்கும்போது மாட்டேங்கிறீக!"

"அவுக அப்பிடித்தேன். நீ ஏறு, பஸ்ஸு வந்துருச்சு," என்றார் ராமலட்சுமி.

கழுத்து அகன்றது, தகடு அமர்ந்தது. நல்லமுத்து தாமே வாலையை மடியில் சுமந்து திருச்சுழிக்குச் சென்றார். பியூலா வீட்டு முற்றத்தில் தம் கையால் மாவு பூசி, பார்க்க வந்திருந்த அண்டை வீட்டாருக்கு விளக்கம் அருளத் தொடங்கினார்.

"இந்தா பாருங்க, மாவ ரொம்ப அமுக்கப்படாது. அடைப்பு வந்தா அது விட்டுக்கொடுக்கணும். இந்தச் சூட்சுமம் தெரியாம சில கிறுக்கனுக போல்ட்டு போடுறாங்கெ."

ராமலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். பியூலா மட்டும் கன்னத்தில் கைவைத்து, கண்களை அகல விரித்து, "அப்பிடியாண்ணே?" என்று கேட்டார்.

"ஆமா தங்கச்சி," என்றார் நல்லமுத்து. "போகப் போக ஒங்களுக்கே வெளங்கும்."