வுகோசாவின் சிவப்பு ராக்கியா

சாச்சக் நகரத்தில் வுகோசாவிடம் வைத்தியம் கேட்டவர்கள் குறைவு. கேட்காமலே வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான் ஏராளம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்த நோய்க்கும் அவர் கண்டுபிடித்த காரணம் ஒன்றே ஒன்று: எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருந்து நடுவே காற்றடித்துவிட்டது. கொதிக்கிற ஜூலையிலும் தன் பஸ்ஸில் ஒரு ஜன்னலைக்கூடத் திறக்க விடமாட்டார். பயணிகள் வெந்து இறங்குவார்கள். அத்தனை உயிரையும் காப்பாற்றிவிட்டதாக இவர் மீசையை நீவிக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவருக்கே இரண்டு கிட்னியும் கைவிரித்தன. "டிரைவர் கதவு இடுக்குல வந்த காத்துதான்" என்று அதற்கும் காரணம் சொன்னார். மனைவி ஸ்தமென்கா காரணம் எதுவும் பேசவில்லை. தன் கிட்னியில் ஒன்றைக் கொடுத்தாள். உடம்பு தேறியதும் வுகோசாவ் காபிக்கடைக்குப் போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். "பாருங்கடா, என் கிட்னி எப்படி ஓடுது! புது இன்ஜின்!" என் கிட்னியாம்!

புது உறுப்பை அந்நியன் என்று நினைத்து உடம்பு அடிக்காமலிருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதை நேரம் தவறாமல் விழுங்கினார். அதே ஒழுங்கோடு தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்னக் கிளாஸ் ராக்கியாவும் உள்ளே போனது. பிளம் பழச் சாராயத்தில் கந்தாரியோன் என்கிற மலைப்பூவைப் போட்டு, சிவப்பாகும்வரை வெயிலில் வைத்தது.

"டாக்டர் குடிக்கக் கூடாதுன்னாங்களே?" என்று ஸ்தமென்கா கேட்டால், "இது குடியாடி? மருந்து! டாக்டருக்குத் தெரியும்" என்பார். "வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டால், "மருந்தா? சத்தியமா கிடையாது!" என்பார். இரண்டு பெண்களையும் ஒரே புட்டியால் ஏமாற்றிய சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல!

ரத்தத்தில் மாத்திரையின் அளவு ஏறவே மாட்டேன் என்றது. டாக்டர் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார். கால் வீங்கியது. கடைசியில் கிட்னியிலிருந்து ஒரு துணுக்கை ஊசியால் எடுத்துச் சோதித்தார்கள். ஸ்தமென்காவோடு முடிவு கேட்கப் போகிற அன்று, டாக்டர் முன்னால் வெறுங்கையோடு போய் நிற்பதா? வுகோசாவ் ஒரு புட்டியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

"கிட்னிக்குள்ள ரத்தக்குழாய்ச் சுவரெல்லாம் தடிச்சுப்போச்சு. ரத்தம் போற வழி அடைச்சுக்கிட்டே வருது" என்றார் டாக்டர் யாகோடா. "மாத்திரையை ஒழுங்கா போடறீங்கன்னா இது ஏன்னுதான் புரியல."

"அதுக்கென்ன, பார்த்துக்கலாம். முதல்ல இதை வச்சுக்கங்க டாக்டரம்மா. வீட்டுச் சரக்கு. தினம் காலைல நானே ஒரு கிளாஸ் போடறேன்."

டாக்டர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுல கந்தாரியோனா போட்டிருக்கீங்க?"

"ஆமா, மலையேறி நானே பறிச்சது!"

"அட மனுஷா! இந்தப் பூ மாத்திரையை உடம்புல தங்கவே விடாது. நீங்க தினமும் இதைக் குடிக்கக் குடிக்க, உங்க உடம்பு அந்தக் குழாய்களை அடிச்சு நாசம் பண்ணிக்கிட்டிருந்திருக்கு."

ஸ்தமென்காவின் கை தானாகத் தன் தழும்புக்குப் போனது. "இப்ப நிறுத்தினா சரியாயிடுமா?"

"அடைச்சது திறக்காதும்மா. மிச்சத்தைக் காப்பாத்த முடியுமான்னு பார்க்கலாம். எவ்வளவு நாளுக்குன்னு சொல்ல முடியாது."

ஊர் திரும்பும் பஸ்ஸில் ஸ்தமென்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தான் கொடுத்த கிட்னியைக் காலன் கொண்டுபோயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இந்த மனுஷன் அல்லவா அதைத் தினமும் காலையில் ஒரு கிளாஸ் ஊற்றிக் கெடுத்திருக்கிறான்!

வுகோசாவ் மெல்லத் தொண்டையைச் செருமினார். "காபிக்கடைல கேட்டா என்னடி சொல்றது?"

ஸ்தமென்கா எழுந்தாள். அவர் பக்கத்து ஜன்னலை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தாள். போய் எதிர்ப்பக்க ஜன்னலையும் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"காத்தடிச்சிடுச்சுன்னு சொல்லு."

குளிர்காற்று அவர் பிடரியில் வந்து மோதியது. காலரைத் தூக்கிவிடக்கூட வுகோசாவுக்குக் கை வரவில்லை.