ஆறாம் காம்பராச் சுவர்

“அது தண்ணிச் சத்தம், புள்ள.”

“தண்ணி எண்ணிக்கிட்டா தட்டும் நானா?”

“பாறைக்குப் பின்னால பைப் போகுது. காத்து அடைச்சா அப்பிடித்தான். நீ ஒன் கல்லுக்குப் பவுடர் பூசுற வேலையப் பாரு.”

“பைப்புல இன்னும் தண்ணியே விடலயே.”

ரிஃகானை அங்கே எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். மண் தோண்டும் பெக்கோவின் வாளியில் ஒட்டியிருந்த மண்ணைக் கம்பியால் சுரண்டிக்கொண்டே இருந்தார். அந்த மெஷினை ஓட்டுபவர் அவர்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேள்வி கேட்ட நிஷாந்தி அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நேரம் பிற்பகல் 3.52.

இது நடந்தது. பேய் என்றால் நடுச்சாமமும் நாய் ஊளையும் வேண்டும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இது பகலில், சம்பளத்துக்கு வேலை செய்யும் நேரத்தில் நடந்தது. மணியெல்லாம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று கேட்கலாம். மணி எழுதுவதுதான் நிஷாந்தியின் வேலையில் பாதி. சீமெந்து பீச்சிய நேரம், இறுகத் தொடங்கிய நேரம், இறுகி முடிந்த நேரம்... எல்லாவற்றையும் சோக்கால் எழுதிவைப்பாள். அன்றைக்கும் எழுதினாள். ஓடிவந்த பிறகும் எழுதினாள்.

டயகம பாதையிலிருந்து மேலே பிரிந்து போகும் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மூன்றாம் டிவிஷனைத் தோட்டக்காரர்கள் கைவிட்டிருந்தார்கள். அங்கே ஒரு கம்பெனி சிறுத்தைப் பூங்கா கட்டிக்கொண்டிருந்தது. நிஷாந்தி அதில் பொய்ப் பாறை செய்பவள். முதலில் கம்பி வலையால் பாறையின் உருவத்தை முடைவார்கள். அதன்மேல் குழாயால் சீமெந்து பீச்சுவார்கள். இறுகுவதற்கு இரண்டு மணித்தியாலம். அதற்குள் கரண்டியால் வெடிப்புக் கீறி, கசக்கிய பொலித்தீனை வைத்து அமுக்கி, அதை மலையாக்கிவிட வேண்டும். பிறகு தேயிலைச் சாயத்தையும் தயிரையும் கலந்து பூசினால் பத்து நாளில் பாசி பிடிக்கத் தொடங்கும். வெளியே பார்த்தால் காலம் தெரியாத கல். உள்ளே ஒன்றுமே கிடையாது.

ஒரு சோடிச் சிறுத்தைக்குத்தான் இத்தனையும். தோட்டத் தொழிலாளர் பத்துக் குடும்பம் வரிசை வீடாக இருந்த லயத்தைவிட நீளமான இடம். குளிருக்குச் சூடாகும் தரை. மண் அசைந்தால் மணி அடிக்கும் கருவி, மணி அடித்தால் தானாகத் திறக்கும் பின்கதவு. சுப்பவைசர் யோகேஸ்வரன் வரைபடத்தை விரித்து இதை விளக்கிய அன்று நிஷாந்தி கேட்டாள்:

“மழ கூடுனா சிறுத்தையையும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயி பாயும் சோத்துப் பார்சலும் குடுப்பாங்களா சேர்?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

ஏழு வருடத்துக்கு முன் அதே சரிவில் பத்துக் காம்பரா லயம் ஒன்று இருந்தது. காம்பரா என்பது குடும்பத்துக்கு ஒன்றென்று கொடுத்த அறை. பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரே சுவர். ஒரு மழைக் காலையில், இன்னும் இருட்டு விலகாத நேரம், மேலிருந்த மண் இறங்கி அந்த வரிசையை நின்ற இடத்திலேயே மூடியது. பத்தொன்பது பேர். ஏழு உடல்கள் கிடைத்தன. நான்காம் நாள், சரிவு ஆபத்தானது என்று தேடலை நிறுத்தினார்கள். கிடைக்காத பன்னிரண்டு பேரில் நிஷாந்தியின் அம்மா நாகலெட்சுமியும் ஒருத்தி. நிஷாந்தி அப்போது கொழும்பில் தையல் வேலையில் இருந்தாள். வந்து சேர இரண்டாம் நாள் ஆகிவிட்டது. கயிறு கட்டி, கீழே பள்ளிக்கூடத்திலேயே மறித்துவிட்டார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று மலையைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

மனிதர் குடியிருக்க ஆகாது என்று எழுதி ஒட்டிய இடம். மனிதர் என்று எழுதியிருந்ததால் சிறுத்தைக்கு அது பொருந்தவில்லை போலும்.

அவள் இந்த வேலைக்கு வந்ததற்கு ஒரே காரணம் அகழி. சிறுத்தை தாண்டாமல் இருக்கப் பதினைந்து அடி ஆழத்துக்குத் தோண்டுவார்கள். முதல் வரைபடத்தில் அது புதைந்த லயத்தின் மேலேயே போனது. அம்மாவுக்காக இனி யாரும் தோண்டப் போவதில்லை. சிறுத்தைக்காகத் தோண்டுவார்கள். அந்த மண் மேலே வரும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். இவ்வளவுதான் அவள் கேட்டது.

அகழியை நாற்பது அடி கீழே மாற்றினார்கள். பார்க்க வருகிறவர்கள் நிற்கும் கண்ணாடிச் சுவரில் வெயில் சரியாக விழவில்லையாம். லயம் புதைந்த இடத்தில் பொய்ப் பாறைச் சுவர் எழுந்தது. அதன் பின்னால் சிறுத்தையின் படுக்கை அறை. மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த அறையின் தரைக்குக் கொங்கிரீட் ஊற்றுவதாக இருந்தது. ஊற்றிவிட்டால் முடிந்தது. பிறகு அங்கே யாரும் எப்போதும் தோண்ட முடியாது.

பழைய பிள்ளைக் காம்பராவின் மூன்று படிகள் மட்டும் மண்ணுக்கு மேலே தப்பி நின்றன. சின்ன வயதில் அவளை விட்டுவிட்டு அம்மா கொழுந்தெடுக்கப் போன படிகள். அங்கிருந்து அடி எண்ணி அவள் அளந்து வைத்திருந்தாள். பீச்சுகிற குழாய் ஒரு தடவைக்குப் பத்தடிதான் எட்டும் என்பதால் சுவரைப் பத்துப் பகுதியாகப் பிரித்திருந்தார்கள். லயத்துக் காம்பராவும் பத்தடி. ஐந்தாம் பகுதிக்கு நேர் கீழே அவர்களுடைய காம்பரா. இது வேறு யாருக்கும் தெரியாது.

4.05. பனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

“நிஷாந்தி, பத்தையும் தட்டிப் பாத்துட்டுப் போ,” என்றார் யோகேஸ்வரன். “ஒட்டாத எடம் இருந்தா வட்டம் போட்டு வையி. நாளைக்கி ஊத்துனா பின்பக்கம் போக ஏலாது.”

“சரிங்க சேர்.”

“பயமாருக்கா?”

“பயப்படணும்னா சிறுத்த வந்தொடன பயந்துக்கிறேன் சேர்.”

ஆட்களை ஏற்றிக்கொண்டு வேன் போய்விட்டது. ரிஃகான் மட்டும் வாசல் கேட்டடியில் பெக்கோவை நிறுத்திக்கொண்டிருந்தார்.

தட்டிப் பார்ப்பது என்றால் கரண்டிப் பிடியால் ஒரு தட்டு. கம்பியோடு ஒட்டாத இடம் ஓட்டைப் பானை போல ஒலிக்கும். பகுதிக்கு ஒரே ஒரு தட்டு போதும்.

4.11. முதலாம் பகுதி. சரி.

4.13. இரண்டு. சரி.

4.16. மூன்று. இங்கே ஒரு வாசனை வந்தது. ஈர விறகுப் புகை. சுற்றிலும் இரண்டு மைலுக்கு அடுப்பு எரியும் வீடு கிடையாது. யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

4.18. நான்கு. சரி.

4.20. ஐந்து. தட்டவில்லை. கையை மட்டும் வைத்தாள். மூன்று நாளுக்கு முன் இறுகிய சீமெந்து, குளிர்ந்து கிடக்க வேண்டும்... அடுப்படிச் சுவர் மாதிரி வெதுவெதுவென்று இருந்தது.

அப்போது கேட்டது. சற்று முன் கேட்ட அதே சத்தம். இம்முறை தெளிவாக, கைக்குக் கீழே.

டொக். டொக்.

டொக்.

இரண்டு. நிறுத்தம். பிறகு ஒன்று.

அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும். லயத்தில் பிறந்த யாருக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது. அந்த லயத்துக்காரர்களுக்குத் தெரியும். விடிய ஐந்து மணிக்கு ஒரு காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்கு அகப்பைக் காம்பால் சுவரில் தட்டுவார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்காக. இரண்டும் ஒன்றும் என்றால், எழும்பிட்டியா. பதிலுக்கு ஒரே ஒரு தட்டு என்றால், எழும்பிட்டேன். பதில் கொடுத்தவர் அடுத்த சுவரைத் தட்ட வேண்டும். பதில் வரும்வரை தட்டுகிறவர் நிறுத்தக் கூடாது. ஒரு வீடு தூங்கிப்போனால் அதற்கு அந்தப் பக்கம் உள்ள எல்லா வீடும் தூங்கிப்போகும்.

நாகலெட்சுமி தட்ட வேண்டியது ஆறாம் காம்பராச் சுவரை. அது மீனம்மா வீடு. மண் இறங்கிய அன்று மீனம்மாவும் பிள்ளைகளும் இறம்பொடையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். தப்பினார்கள்.

ஆறாம் காம்பராவில் ஆள் இல்லை.

பதில் சொல்ல ஆள் இல்லை.

டொக். டொக்... டொக்.

4.26. நிஷாந்தி அசையாமல் நின்றாள். ஓட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் காதைச் சுவரில் வைத்தாள். அவசரமே இல்லாத தட்டு. கோபமும் இல்லை. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுத் தட்டுகிற ஒருத்தியின் தட்டு.

4.29. ஒரு எட்டு வைத்தாள். ஆறாம் பகுதி.

கரண்டியைத் திருப்பிப் பிடித்தாள்.

வேலைக்காகத் தட்டினாளா, வேறெதற்காகத் தட்டினாளா என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

டொக்.

ஒன்று.

சத்தம் நின்றது.

சுவருக்குள்ளே யாரோ அகப்பையைத் தரையில் வைக்கும் சத்தம்... அவ்வளவு மெல்லியது.

பிறகு ஒன்றும் இல்லை.

பதில் கொடுத்தவர் அடுத்த சுவரைத் தட்ட வேண்டும். கை தானாக நீண்டது. ஏழாம் பகுதி.

டொக். டொக்... டொக்.

4.33.

உள்ளிருந்து ஒரு தட்டு.

கரண்டி கையிலிருந்து விழுந்தது. இனி அவள் தட்டவில்லை.

எட்டாம் பகுதியில் உள்ளேயே தட்டியது.

பதில் வந்தது.

ஒன்பது.

பத்து.

4.36. தாழ்ப்பாள் இழுக்கும் சத்தம்.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு... ஐந்து.

ஒரு மூச்சு இடைவெளி.

பிறகு மற்ற நான்கும்.

ஒன்பது கதவு.

கதவுகள் திறக்கவில்லை.

உலுக்கினார்கள்.

மெதுவாக. பிறகு வேகமாக. ஒன்பதையும் ஒரே நேரத்தில்.

ஐந்தாம் பகுதியில் ஒரு வெடிப்பு விழுந்தது. அவள் கீறிய வெடிப்பு அல்ல. அடியிலிருந்து மேலே, அவள் நெஞ்சு உயரம் வரை ஓடிவந்து நின்றது.

ஓடினாள்.

4.44. கேட்டடி. பெக்கோவின் எஞ்சின் நின்றிருந்தது. ரிஃகான் உள்ளேதான் இருந்தார். ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு இருந்தார்.

“நானா... கேட்டுச்சா?”

“அன்னைக்கும் கேட்டிச்சி,” என்றார்.

“என்னைக்கி?”

அவர் தலையை நிமிர்த்தவில்லை.

“தேடுறதுக்கு வந்த பெக்கோவ ஓட்டுனது நான்தான், தங்கச்சி. நீ யாரோட மகள்னு தெரிஞ்ச நாள்லருந்து சொல்லணும்னு இருந்தேன். மூணாம் நாளு. சோறு திங்க எஞ்சின நிப்பாட்டுனேன். ரெண்டு தட்டு. பொறகு ஒண்ணு. எறங்கி ஓடிப்போயி தேடல நடத்துன பெரியவருக்கிட்ட சொன்னேன். வந்து காத வச்சிக் கேட்டாரு. தண்ணிச் சத்தம்னு சொன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“தண்ணினு நெனச்சிக்கிட்டா எனக்கும் லேசா இருந்திச்சி.”

பனிக்குள் மேலே எங்கோ அந்த உலுக்கல் இன்னும் கேட்டது. இங்கிருந்து கேட்டால் தகரத்தில் மழை விழுவது போல இருந்தது. மழை இல்லை.

“நாலாம் நாளு காலையில பெக்கோவ கீழ எறக்கச் சொன்னாங்க. எறக்கிட்டேன்.”

“அப்ப சத்தம் நின்னுருச்சா நானா?”

அவர் காதிலிருந்து கையை எடுத்தார்.

“நிக்கல,” என்றார். “நான்தான் போய்ட்டேன்.”

நிஷாந்தி சட்டைப்பையில் தடவி சோக்கை எடுத்தாள். பழக்கம். பெக்கோவின் சக்கரத்துக்கு மேலே மட்காட்டில் 4.58 என்று எழுதினாள். பிறகு படியில் ஏறி, அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், சின்னக் குரலில் சொன்னாள்:

“காலையில ஏழு மணிக்கு ஊத்திருவாங்க நானா. அவங்களால கதவத் தொறக்க முடியல. சாவி ஒங்க கையிலதான இருக்கு... அஞ்சாம் நம்பர்ல ஒரே ஒரு வாளி மட்டும் அள்ளிக் குடுங்க.”