சொல்லாமல் விட்ட காதுத் தழும்பு

தன் மகள் கல்யாணத்துக்கு ஆறு மாதம் இருக்கையில், தோலுக்குள் நூல் செலுத்தித் தொங்கும் கன்னத்தைத் தூக்கும் சிகிச்சைக்காக என் தங்கை தூத்துக்குடியில் உள்ள ஒரு கிளினிக்குக்குக் கிளம்பினாள். துணைக்கு நான் போனேன்.

முன்பு காயம் ஏதும் தழும்பாகத் தடித்ததுண்டா என்று நர்ஸ் கேட்டார். சிறு வயதில் காது குத்திய இடம் தங்கைக்குப் புளியங்கொட்டை அளவு தடித்திருந்தது. பிறகு நாங்கள் சேர்ந்த கிறிஸ்தவ சபையில் கம்மல் போடுவதில்லை. முடி அதை மறைத்திருந்தது.

"காதுல உள்ளதச் சொல்லவாக்கா?"

"சும்மா இரு ஏளா. மூஞ்சிக்கும் காதுக்கும் என்ன?" என்றேன்.

அப்படி எதுவும் இல்லையென்று அவள் நர்ஸிடம் சொல்லிவிட்டாள். சிகிச்சை முடிந்த சில வாரங்களில், நூல் நுழைந்த இரு நெற்றிப்பொட்டிலும் கருந்தழும்பு வளர்ந்தது. கறுத்த தோலில் இந்த ஆபத்து அதிகம், காதைப் பார்த்திருந்தால் தடுத்திருப்பேன் என்றார் வேறொரு தோல் மருத்துவர்.

கல்யாணத்தில் படமெடுக்கக் கூப்பிட்டபோது, "நீ போய் நில்லுக்கா" என்று என்னை அனுப்பினாள். படத்தில் அவள் மகள் பக்கத்தில் நான்தான் நிற்கிறேன்.

இப்போது எந்த மருத்துவரிடம் போனாலும், அவர் கேட்குமுன்னே தங்கையின் முடியை ஒதுக்கிக் காதைக் காட்டுகிறேன்.