வெயிலில் காணாமல் போன பொத்தான்

‘ஓரம்’ என்ற பட்டப்பெயர் முதன்முதலில் என் காதில் விழுந்தது, சின்ன நாத்தனார் வீடு மாற்றிய அன்று. நாத்தனாருடைய ஓரகத்தியின் மூத்த மகள் அவள். கைபேசிச் செயலிகளுக்குத் திரை வரைகிற உத்தியோகம். சுவரில் படம் மாட்டினாலும், "ஓரம் விட்டு மாட்டுங்க, நெருக்கினா கண்ணு தடுமாறும்" என்பாள். "ஓரம் வர்றா, தள்ளி உக்காருங்கடி" என்று சித்திமார் கேலி செய்வார்கள்.

அவளுக்கு ஒரே தம்பி. தாயில்லாமல் போன பிறகு அவனை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள்தான். சரக்குக் கப்பலில் வேலை அவனுக்கு. இந்த முறை கிளம்பும்போது இருவருக்கும் வாய்ச்சண்டை. முகம் கொடுக்காமலே போய்விட்டான்.

கப்பல்காரர்கள் வீட்டுக்கு எழுத ஒரே ஒரு செயலிதான். அதற்குப் புதுத்திரை வரைந்ததும் ஓரம்தான். ‘இன்னும் கோவமா? ஒரு வார்த்தை எழுதுடா’ என்று தினமும் அனுப்பினாள். படித்துவிட்டான் என்று காட்டும், பதில் வராது. நாற்பது நாளாயிற்று. சோறு இறங்கவில்லை அவளுக்கு.

"கல்நெஞ்சுக்காரன். அவனுக்குப் போய் உருகுறியே" என்றாள் சித்தி.

"அவன் அப்படிப்பட்டவன் இல்ல சித்தி."

ஒருநாள் இன்னொரு கப்பல்காரரின் மனைவி ஓரத்தின் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரரும் படிக்கிறார், பதிலே போடமாட்டேங்கிறார். மேல்தளத்துல வெயில்ல நின்னாத்தான் சிக்னல்னு போறப்பவே சொன்னார். சிக்னல் இருந்தும் என்ன கேடு?"

ஓரத்துக்குச் சுருக்கென்றது. பதில் பொத்தானை வெள்ளைத் திரையில் வெளிர்சாம்பலாகப் போட்டது அவளேதான். திரைச்சீலை இழுத்துவிட்ட அறையில் அது அத்தனை அழகு. போனோடு உச்சிவெயிலில் மொட்டைமாடி ஏறினாள். கறுப்பு எழுத்து தெரிந்தது. பொத்தானைக் காணோம்.

"பொத்தான் கருநீலமா? மை கொட்டின மாதிரி இருக்குமேம்மா" என்று மேலாளர் இழுத்தார்.

"இருக்கட்டும் சார். கண்ணுக்குத் தெரியாத அழகை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

மாற்றிய நான்காம் நாள் தம்பியின் பதில் வந்தது. ‘கோவம் எப்பவோ போச்சுக்கா. எங்க அமுக்குறதுன்னுதான் தெரியல. எந்த மடையன் வரைஞ்சான் இதை?’

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ‘எப்படா வருவே?’ என்று கேட்டாள்.

‘ஒப்பந்தத்தை நீட்டிட்டாங்க. இன்னும் பதினோரு மாசம்.’

‘சரிடா’ என்று எழுத அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

இப்போதும் அவள் அதே அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறாள். தம்பி இன்னும் கடலில்தான் இருக்கிறான்.