ஈசி சேருக்குப் பொட்டு கிடையாது

என் சைக்கிளைச் சாய்ந்து படுத்தபடிதான் மிதிக்க வேண்டும். ஆயுத பூஜையன்று ரந்தாவ் எஸ்டேட் கோயிலில் லாரிக்கும் புல் வெட்டும் மெஷினுக்கும்கூடச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். சைக்கிள் வரிசையில் என்னுடையதற்கு மட்டும் இடமில்லை. எங்கள் சைக்கிள் குழுத் தலைவர் ஒரு காலத்தில் சம்பளத்துக்குப் பந்தய சைக்கிள் ஓட்டியவர். “இது சைக்கிள் இல்ல லா, ஈசி சேர். தள்ளி வை” என்றார். போன வாரம் சிரம்பான் சாலையில் அவரை முந்தியது ஈசி சேரா? கேட்டால், “படுத்துக்கிட்டு முந்தினா கணக்கே இல்ல” என்கிறார்!

தன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. வேறு வழியில்லாமல் அவரை என் சைக்கிளிலேயே படுக்கவைத்து, அது சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“சுகமா இருக்கு” என்றார், கண்ணை மூடியபடி. “பாத்தியா, ஈசி சேர்தான்!”