ரங்கூன் கப்பல் நோட்டு

கண்டனூரில் ஒரு பெரிய வீட்டின் பழைய சாமான்களை ஏலம் விடுகிறார்கள். ஊர் பார்க்க வந்த நானும் ஓரமாக நிற்கிறேன். யாரோ ரங்கூனுக்குக் கப்பலில் போகையில் எழுதிய நோட்டு வருகிறது. கிறுக்கல் ஒருவருக்கும் புரியவில்லை.

"பழைய பேப்பரோட போட்டுரவா?" என்கிறார் ஏலக்காரர்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "நான் படிப்பேன். எங்க அஞ்சாம் வகுப்பு வாத்தியார் எழுத்தும் இப்படித்தான்" என்கிறேன்.

"அங்குட்டு ஏன் நிக்கிறீக ஆத்தா? வந்து சத்தமா வாசிங்க" என்று ஏலக்காரர் நோட்டை நீட்டுகிறார்.

"மூன்றாம் நாள் புயல். சமையல்காரன் அழுகிறான். எனக்கோ பசிக்கிறது" என்று வாசிக்கிறேன்.

முற்றமே சிரிக்கிறது. "மிச்சம் வாங்குறவுகளுக்கு!" என்று ஏலக்காரர் நோட்டைப் பிடுங்குகிறார். போட்டி போட்டு ஏலம் கேட்கிறார்கள். கடைசியில் வாங்கிய காரைக்குடிக்காரர் நேரே என்னிடம் வருகிறார்.

"கப்பல் கரை சேந்துச்சான்னு சொல்லிட்டுப் போங்க ஆத்தா."

நாலாம் நாளை ஆரம்பிக்கிறேன். ஏலக்காரரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.