ஆணி அடிக்காத வெள்ளைப் பலகை

தம்பி குடும்பத்தோடு நான் இருக்கும் கஜா பெராங் வீட்டு ஹாலில் அந்த வெள்ளைப் பலகைக்கு ஓர் இடம் பார்த்து வைத்திருந்தேன். தெங்கேராவில் ஒரு கடையில் வாங்கியது. தம்பியின் காரில் பின் சீட்டைச் சாய்த்து, பலகையின் முனை என் காதை உரசிக்கொண்டே வர, ஒருவழியாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். நான் சுத்தியலைக் கையில் எடுத்ததும் தம்பியின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள்.

"ஆணி அடிக்கக் கூடாது அண்ணி. நான் முழுகாம இருக்கேன்ல? பந்தாங்."

மலாயில் பந்தாங் என்றால் விலக்கு. சொல்கிறவள் தாதி. நாள் முழுக்க மருத்துவமனையில் ஊசி போடுகிறவள். "நீயா இதையெல்லாம் நம்பற?" என்றேன்.

"நம்பலதான். ஆனா புள்ளைக்கு ஒன்னுன்னா நீங்களா பதில் சொல்வீங்க? பொறந்த பெறகு அடிச்சிக்கலாம் லா. செவுரு எங்க ஓடப் போவுது?"

சுவர் ஓடாது, எனக்குத்தான் பொறுமை கிடையாது. பலகையைச் சாப்பாட்டு மேசைமேல் ஏற்றி, நழுவாமலிருக்க ஓர் அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்தேன். உலகத்துப் பாறைகளின் எதிர்காலமே அந்த மூட்டையை நம்பி நின்றது என்று சொன்னால் தம்பி சிரிப்பான்.

கற்களுக்கு ஞாபகசக்தி உண்டு. எரிமலைக் குழம்பு ஆறும்போது, அன்றைக்குப் பூமியின் காந்தம் எந்தப் பக்கம் இருந்ததோ அதை உள்ளே இருக்கும் நுண்ணிய இரும்புத் துகள்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஞாபகம் எந்தத் திசையைக் காட்டும், எத்தனை யுகம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் மென்பொருள் ஒன்றை, ஸ்காட்லாந்தில் நான் படித்த காலத்தில் என் பேராசிரியரும் நானும் எழுதினோம். ஊருக்குப் பொதுவாக இணையத்தில் வைத்தோம். யாரும் காசில்லாமல் எடுக்கலாம், திருத்தலாம். திருத்தினார்கள். ஆளாளுக்கு ஓர் அறையை ஒட்டிக்கொண்டே போய், கடைசியில் குளியலறை வழியாகத்தான் சமையலறைக்குப் போக முடியும் என்கிற வீடாக ஆக்கிவிட்டார்கள். அதை இடித்துவிட்டுப் புதிதாக எழுதத் திட்டம் போடத்தான் பலகை.

திட்டத்தின் முதல் வரியைச் சிவப்பு மையில் எழுதினேன்: பழையதை, எல்லாரும் கணக்கு ஓட்டும் நம் பொதுக் கணினியிலிருந்து உடனே எடுத்துவிடுவது.

ஒரு சனிக்கிழமை மாலை இணையவழிக் கூட்டம். ஸ்காட்லாந்தில் அப்போது காலை, பேராசிரியர் பசியாறிக்கொண்டே கேட்டார். பாண்டுங்கிலிருந்து ஒரு மாணவி முதல்முறையாகச் சேர்ந்திருந்தாள். அவள் ஊர் எரிமலைக் கற்களைத்தான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறாள். சிவப்பு வரியைப் பார்த்ததும் மலாயில் என்னிடம் சொன்னாள்; பேராசிரியருக்கு நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"அக்கா, என் கல்லுங்க பாதிதான் முடிஞ்சிருக்கு. மிச்சம் இன்னும் அந்தப் பொதுக் கணினியில ஓடிக்கிட்டிருக்கு. என் மடிக்கணினி தாங்காது."

"புதுசு வந்ததும் அதுக்கு மாறிக்கோ" என்றேன் வெடுக்கென்று.

"பாதி பழசுல, பாதி புதுசுலன்னா எது உண்மைன்னு தேர்வாளருங்க கேப்பாங்க. முதல்லேருந்து ஓட்டலாம்னா அதுக்குள்ள என் உதவித்தொகைக் காலம் முடிஞ்சிரும். பட்டமில்லாம வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

பதில் சொல்ல வாயெடுத்தேன். முட்டுக் கொடுத்த மூட்டை சரிந்தது, பலகை தடாலென்று தரையில் விழுந்தது. உள்ளேயிருந்து தம்பியின் மனைவி ஓடிவந்தாள். இதைச் சுவரில் மாட்டக்கூடாதா என்று பேராசிரியர் கேட்டார். நான் மென்று விழுங்குவதற்குள் அவளே கணினிக்கு முன் குனிந்து, நோயாளிக்கு மருந்து சொல்வதுபோல் ஆங்கிலத்தில் விளக்கினாள்: கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடிப்பதில்லை, சுவர் இடிப்பதில்லை, பிறந்த பிறகு எல்லாம் செய்யலாம்.

"எங்க ஊர்லயும் பந்தாங் உண்டு" என்று மாணவி முதன்முறையாகச் சிரித்தாள்.

பேராசிரியர் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்படியென்றால் நம் மென்பொருள் வீட்டிலும் ஒரு கர்ப்பிணி இருக்கிறாள் போலிருக்கிறதே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். கல் ஆறுவதைப் பற்றியே வாழ்நாளெல்லாம் படித்தவளுக்கு அது பொருந்தியதில் வெட்கமாகத்தான் இருந்தது. பலகையை நிமிர்த்தி, சிவப்பு வரியை அழித்துவிட்டு எழுதினேன்: பிரசவம் ஆகும்வரை ஆணி இல்லை. புது வீட்டைப் பக்கத்து மனையில் கட்டுவது, மாணவி முடிக்கும்வரை பழையதில் கை வைப்பதில்லை என்று முடிவானது.

மருமகன் பிறந்தான். தம்பி ஆசை தீர ஆணி அடித்துப் பலகையை மாட்டினான். அந்த வரியை மட்டும் நான் அழிக்கவில்லை.

பிறகு புது மென்பொருள் நடக்கக் கற்றது. மாணவி முடித்து வைத்திருந்த கற்களையே அதற்குக் கொடுத்துப் பார்த்தோம். பழையது வடக்கு என்ற இடத்தில் புதியது தெற்கு என்றது. பழையதுதான் உளறுகிறது என்று நான் குதித்தேன். இல்லை அக்கா, கல்லை அளந்தும் பார்த்திருக்கிறேன், வடக்குதான் என்றாள் அவள். தேடிப் பார்த்தால் கோளாறு புதியதில். பழையதை இடித்திருந்தால் எந்தக் கணக்கோடு ஒத்துப் பார்த்திருப்போம்?

அவளுக்கு மேலும் சில மாதங்கள் பிடித்தன. ஒரு நாள் நான் மருமகனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. தேர்வாளர்கள் பட்டத்துக்கு ஒப்புக்கொண்டார்களாம். கடைசி வரி: "அக்கா, இனிமே ஆணி அடிக்கலாம்."

கண் கலங்கிவிட்டது. கஞ்சி மருமகனின் வாய்க்குப் பதில் மூக்குக்குப் போனது. அவன் கத்திய கத்தலில் தம்பியின் மனைவி ஓடிவந்து, என் கண்ணையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாண்டுங் பொண்ணா? சுகப்பிரசவமா அண்ணி?"

"சுகப்பிரசவம்தான்மா" என்றேன். "கொஞ்சம் இழுத்துருச்சு."